தலைசுற்றலும் பனிமூட்டமும்

"அசையாதீங்க அத்தை. ஒரு நிமிஷம் மூச்சுகூட விடாதீங்க."

"அதுக்குத்தாம்மா படுத்திருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்கோ, தானா நின்னுடும்."

மருமகள் கேமராவை இறக்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜன்னலோரக் கட்டிலில் நான்கு தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த அத்தை, தான் சொன்னதை நினைத்துத் தானே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, எல்லாம் அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது. அந்த ஐந்து நிமிடமும் ஜன்னலில் வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. என்ன பிரயோஜனம், படம்தான் எடுக்க முடியவில்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம். நீ எடு. பதினொண்ணு ஆச்சுன்னா இந்த வெளிச்சம் எதிர் வீட்டு மாடிக்குப் போயிடும்."

அத்தைக்கு இதயம் தளர்ந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பே டாக்டர் கைவிரித்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். என்ன வேண்டும் என்று மகனும் மருமகளும் கேட்டபோது, கடையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பாள், அல்லது யாரையாவது வரச்சொல்லுவாள் என்று நினைத்தார்கள். அத்தை கேட்டது வேறு.

"எனக்கு ஒரு போட்டோ வேணும். ஹால்ல மாட்டுறதுக்கு."

எப்போது மாட்டுவதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அத்தை நாற்பத்தோரு வருடம் கண்ணாடிக் கடை நடத்தியவள். கண்ணைப் பரிசோதித்து, நம்பர் எழுதி, கண்ணாடி போட்டு அனுப்புவது அவள் வேலை. அந்த வட்டாரத்தில் பாதி மூக்குகளில் அவள் பொருத்திய ஃபிரேம்தான் உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்டவளுக்கு உருப்படியாக ஒரு படம் கிடையாது. குடும்பப் படங்கள் அத்தனையிலும் கண்ணை மூடியிருந்தாள். "ரெடி" என்று யாராவது சொன்னால் போதும், சொல்லிவைத்தாற்போல் இமை இறங்கிவிடும். கண் திறந்திருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அதில், எதையோ எடுத்துக் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள்.

மருமகளோ படமெடுத்துப் பிழைப்பவள். கல்யாணப் பெண்கள், பிறந்து பத்து நாளான குழந்தைகள், நிச்சயம் முடிந்து கைகோத்து நிற்கும் ஜோடிகள் என்று ஊரெல்லாம் அவளைத் தேடி வரும். முகம் மட்டும் தெளிவாக, சுற்றியுள்ளதெல்லாம் கரைந்துபோய், கனவு மாதிரி எடுத்துக் கொடுப்பதில் அவளுக்கு நல்ல பெயர். வீட்டில் மட்டும் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை. பதினொரு வருடமாக ஒவ்வோர் ஆல்பத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு அத்தை ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். "எல்லாம் சரி, பின்னாடி ஏன் மங்கலா இருக்கு?" மங்கலை ஒழிப்பதையே தொழிலாக வைத்திருந்தவளிடம் என்ன பதில் சொல்வது? மருமகளும் சிரித்து மழுப்பிவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

அதனால்தான் அத்தை இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் தன் காதையே நம்பவில்லை.

"இந்த மூஞ்சிய உள்ளது உள்ளபடி எடுக்காத. கன்னம் ஒட்டிப்போச்சு, கண்ணுக்குக் கீழ பை தொங்குது. பாக்க வர்றவங்க என் வியாதியப் பாத்துட்டுப் போகக் கூடாது, என்னைப் பாத்துட்டுப் போகணும். கண்ணு மட்டும் தெளிவா இருக்கட்டும். மிச்சமெல்லாம் அந்தக் கல்யாணப் பொண்ணுங்களுக்கு எடுப்பியே, அந்த மாதிரி."

"அது சுலபம் அத்தை. எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல பத்து நிமிஷத்துல பண்ணிடலாம்."

"அது தேச்சு மறைக்கிறது. கண்ணாடியோட குணத்துல மங்கலா விழுந்தா அது வெளிச்சம் செஞ்ச வேலை. நீ உக்காந்து தேச்சா அது பூச்சு. சாகப்போற நேரத்துல எனக்கு என்னத்துக்குப் பூச்சு?"

லென்ஸ் விஷயத்தில் அத்தையோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. மருமகள் வாடகைக்கு லென்ஸ் கொடுக்கும் கடைக்குப் போய் நின்றாள். அவளிடம் இருந்ததெல்லாம் இந்தக் காலத்து லென்ஸ்கள். முகத்தைத் தானே கண்டுபிடித்து, கண்ணின் மேல் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் போட்டு, மோட்டார் உறுமித் தானே ஃபோகஸ் செய்துவிடும். முகத்தின் ஒவ்வொரு துவாரத்தையும் எண்ணி எடுத்துவிடும். அத்தை கேட்டதற்கு அது ஆகாது. வாடகைக் கடைக்காரர் யோசித்து, இரும்பு உடம்பும் திருகு வளையமும் கொண்ட இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். பழைய காலத்து அமைப்பில் இப்போது புதிதாகச் செய்தவை. மோட்டார் கிடையாது, ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

"புதுசாச் செஞ்ச பழசா?" என்றாள் அத்தை அவற்றைக் கையில் வாங்கி எடைபார்த்து. "எங்க காலத்துல பழசெல்லாம் தானாத்தான் பழசாகும்."

ஒன்று, முகத்தைச் சுற்றியிருப்பதையெல்லாம் வட்டமாகச் சுழற்றிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தின் இலைகள் அத்தையின் தலையைச் சுற்றி வலம் வந்தன. அத்தை அதற்குத் தலைசுற்றல் என்று பெயர் வைத்தாள். இன்னொன்று, வெளிச்சம் பட்ட இடத்திலெல்லாம் வெள்ளையாக ஒரு பூம்பனியைப் படரவிட்டது. அதன் பெயர் பனிமூட்டம். பெயர் வைத்ததோடு வீட்டில் வேலை முடியவில்லை. எதை எடுத்தாலும் படம் தேறவில்லை.

எடுத்த படங்களை மருமகள், கட்டிலிலிருந்தே தெரிகிற ஹால் டிவியில் போட்டுக் காட்டுவாள். அதில் அத்தையின் முகம் கரைந்துபோய், காது மட்டும் துல்லியமாக இருக்கும்.

"காதுக்கு நல்ல படம்" என்பாள் அத்தை. "கம்மல் திருகாணிகூடத் தெரியுது. ஹால்ல மாட்டினா வர்றவங்க ஒவ்வொருத்தரா வந்து காதுல ரகசியம் சொல்லிட்டுப் போகலாம்."

லென்ஸில் கோளாறு என்று மருமகள் முடிவுகட்டினாள். முதலில் வந்த தலைசுற்றலைக் குறை சொல்லித் திருப்பிக்கூட அனுப்பினாள். கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, லென்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லி, சண்டை எதற்கு என்று அதே மாதிரி இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் காதைத்தான் எடுத்தது. பனிமூட்டமோ இன்னும் மோசம், கேமராவின் பின்திரையில் வெறும் புகையாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் புகையும் பெரிதாயிற்று.

இப்படியே எட்டு நாள் ஓடிவிட்டது. மருமகளுக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தாள். அவள் போவதற்குள் ஒரு படம் எடுத்து அவள் கண்ணில் காட்டிவிட வேண்டும், அவள் வாயால் நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். பதினொரு வருடமாக வராத வார்த்தை. அதற்காக வீம்பு பிடிக்கும் வயதில்லை நாற்பத்து மூன்று என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன, ஆசை விடவில்லை.

இன்று காலையும் அதே கதைதான். கேமராவை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பின்னால் இழுத்து, கண்ணைச் சுருக்கி, வளையத்தை அரை நூல் இப்படியும் அரை நூல் அப்படியுமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமல் அடங்கிய பிறகு அவளுக்கு வேறு வேலை இல்லை.

"ஏம்மா, அந்தக் கேமராவ ஏன் அவ்வளவு தூரத்துல பிடிக்கிற?"

"இப்படித்தான் அத்தை பிடிக்கணும்."

"போன வருஷம் மூக்குகிட்டப் பிடிச்ச."

"அது வேற கேமரா."

"மாத்திரை அட்டையில பேர் படிக்கச் சொன்னா, என் புருஷன் வரட்டும்ங்கற. ஊசியில நூல் கோக்க பக்கத்து வீட்டுக்குப் போற. உன் போன்ல எழுத்து ஒவ்வொண்ணும் கட்டை விரல் சைசுக்கு இருக்கு." அத்தை மூச்சு வாங்கிக்கொண்டாள். "நாப்பத்தோரு வருஷம் இந்தக் கைய நான் பாத்திருக்கேன். பேப்பரத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, பேப்பர்காரன் எழுத்தச் சின்னதாக்கிட்டான்னு சொல்ற கை."

மருமகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எட்டு மாதமாகவே அவளுக்குச் சந்தேகம் இருந்தது. வெளியே சொல்லத்தான் மனம் வரவில்லை. என் கண் கழுகுக் கண் என்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பீற்றிக்கொண்டவள். பச்சைக் கட்டம் போடும் லென்ஸ்கள் இருந்தவரை அவளுக்குப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை, கேமராவே பார்த்துவிட்டது. கையால் திருப்ப வேண்டிய லென்ஸ் வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. லென்ஸ்தான் சரியில்ல."

"அவனுக்குப் போன் போடு. ட்ரையல் பெட்டிய எடுத்துட்டு வரச்சொல்லு."

அவன் என்றது, கடையில் கண்ணாடியை வெட்டி ஃபிரேமில் பொருத்துபவரை. இருபத்தாறு வருடமாக அங்கே இருக்கிறார். உயரம், தூரம், மழை எதைச் சொன்னாலும் மில்லிமீட்டரில் சொல்வதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அரை மணியில் மில்லிமீட்டர் வந்துவிட்டார், மரப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. உள்ளே வெல்வெட் பள்ளங்களில் வட்ட வட்டமாக இருநூறு கண்ணாடிகள் வரிசையாக நின்றன.

"யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"கழுகுக்கு" என்றாள் அத்தை.

மருமகளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும் கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டினார்கள். மில்லிமீட்டர் சின்ன ஸ்கேலை நெற்றிக்குக் குறுக்கே பிடித்து, இரண்டு கருமணிகளுக்கும் இடையே அளந்து, "அறுபத்திரெண்டு" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். அத்தையின் விரல்கள் நடுங்கின. ஆனால் பெட்டியில் எந்தப் பள்ளத்தில் எது இருக்கிறது என்று அவை பார்க்காமலே கண்டுபிடித்தன. வலக்கண்ணை மறைக்கக் கறுப்பு வட்டு ஒன்றைச் செருகிவிட்டு, படிக்கிற அட்டையை அவள் கையில் கொடுத்தாள்.

"முதல்ல கண்ணாடி இல்லாம இடது கண்ணால படி. எந்த வரி வரைக்கும் போற பாப்போம்."

அங்கேதான் மருமகளுக்குப் புத்தி கெட்டுப்போனது. கல்யாணமான புதிதில் அந்தக் கடையில் அவள் உட்காராத நாள் இல்லை. வாடிக்கையாளர்கள் அந்த அட்டையைத் திக்கித் திக்கி வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு முழுதும் மனப்பாடம். அட்டையைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு கம்பீரமாக ஆரம்பித்தாள். "காலையில் கதவைத் திறந்தால் காற்று வரும். காற்றோடு வெளிச்சமும் வரும். வெளிச்சத்தில் அமர்ந்து படிப்பது கண்ணுக்கு நல்லது." எறும்பு சைசில் இருக்கும் கடைசி வரியையும் விடவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

அத்தையும் மில்லிமீட்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தங்கச்சி" என்றார் மில்லிமீட்டர் மெதுவாக, "அது பழைய அட்டை. போன வருஷமே கிழிஞ்சுபோச்சு. இது புதுசு. இதுல ரயில்வே ஸ்டேஷனப் பத்தி எழுதியிருக்கு."

 அத்தைக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. மில்லிமீட்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மருமகள் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, சட்டம் மூக்கிலிருந்து சறுக்க, அவளும் சிரித்தாள். இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் இப்படிச் சிரித்து அவளுக்கு நினைவில்லை.

அதன்பின் ஒழுங்காக நடந்தது. இதுவா அதுவா என்று அத்தை மாற்றி மாற்றிச் செருகினாள். நடுவில் இரண்டு தடவை கையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஓய்வெடுத்தாள். மற்ற இருவரும் காத்திருந்தார்கள். கடைசியில் மில்லிமீட்டர் நீட்டிய சீட்டில் எழுதினாள். பிளஸ் ஒன்றரை, இரண்டு கண்ணுக்கும். கையெழுத்து கோணியிருந்தது. அதைப் பார்த்து அவளே முகம் சுளித்து, அடியில் இன்னொரு முறை திருத்தமாக எழுதினாள்.

"சாயங்காலத்துக்குள்ள போட்டுக் கொண்டாந்துடறேன்" என்று மில்லிமீட்டர் எழுந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம் இருக்காது" என்றாள் அத்தை. "நீ போய் வேலையப் பாரு. இவ அந்தச் சட்டத்தோடயே எடுக்கட்டும்."

மணி பத்தரை. மருமகள் அந்தக் கனத்த வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டியபடியே கேமராவைத் தூக்கினாள். பின்திரையைப் பார்த்தாள். உடனே கேமராவை இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

தலைசுற்றல் நன்றாகத்தான் இருந்தது. இலைகள் சுழன்றன, நடுவில் முகம் பளிச்சென்று நின்றது. பாவம், முதலில் வந்ததை அநியாயமாகத் திட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பனிமூட்டத்தை மாட்டி, வளையத்தை மெல்லத் திருப்பினாள். புகை ஒரு புள்ளியில் வந்து விலகியது. விலகியது என்றுகூடச் சொல்ல முடியாது, புகை அங்கேயே இருந்தது. அதற்குள்ளே அத்தையின் கண் இருந்தது. இமை முடி ஒவ்வொன்றாக, கருவிழியில் ஜன்னலின் நான்கு சட்டங்களோடு. ஒட்டிய கன்னத்தின் மேலும் கண்ணுக்குக் கீழேயும் வெளிச்சம் பூத்துப் படர்ந்திருந்தது. எதுவும் மறைக்கப்படவில்லை, எதுவும் உறுத்தவும் இல்லை.

"எது?" என்றாள் அத்தை.

"பனிமூட்டம்."

"நேத்து வெறும் புகைன்னு சொன்ன?"

"நேத்து எனக்குக் கண்ணு தெரியல அத்தை."

"அப்படி வழிக்கு வா." அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பெரிய வட்டக் கண்ணாடிகள், காதோரம் துருத்திக்கொண்டிருந்த திருகாணிகள், அதற்குக் கீழே பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகம். "இந்தக் கோலத்துல உன்ன எவனாவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, பொண்ணு மாலையக் கழட்டிப் போட்டுட்டு ஓடிடும்."

மருமகள் "ரெடி" என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இன்றுதான் தோன்றியது. அத்தை இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண்ணில் குறும்பு முழுசாக ஏறியிருந்தது. மருமகள் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"சொல்லவே இல்ல?"

"சொன்னா மூடிக்கிறீங்க."

அத்தை தலையணையில் சாய்ந்துகொண்டாள். மருமகள் கேமராவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அத்தை கையால் தள்ளிவிட்டாள்.

"இந்தத் துக்கடா ஸ்கிரீன்ல பாத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். தூங்கி எந்திரிச்சு டிவியில பாக்கறேன். கழுத்து வலிக்குது, ஒரு தலையணைய எடு."

ஒரு தலையணையை எடுத்துவிட்டு, போர்வையைச் சரிசெய்து, மருமகள் ஹாலுக்கு வந்தாள். படத்தை டிவியில் ஏற்றித் தயாராக வைத்தாள். மகன் பஸ் டெப்போவிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான். அங்கே பஸ்களுக்கு நேர அட்டவணை போடுவது அவன் வேலை. அவன் சூப் வைத்தான், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். டிவியில் இருந்த படத்தை அவன் நின்றுகொண்டே பார்த்தான்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு இவ்வளவு பெருசா?" என்றான்.

"எந்திரிக்கட்டும். அவங்க சொல்லட்டும், அப்புறம்தான் பிரிண்ட்."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அம்மாவை எழுப்பப் போனான். போனவன் கூப்பிடவில்லை, வெளியேயும் வரவில்லை. மருமகள் எழுந்து போய்ப் பார்த்தாள். அவன் கட்டிலருகில் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். சூப் கிண்ணம் தரையில் இருந்தது.

"மூணு அஞ்சு" என்றான். நேர அட்டவணை போட்டுப் பழகிய வாய், நேரத்தைத்தான் சொன்னது.

மருமகள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அத்தையின் கண் மூடியிருந்தது.  ஹாலில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. அதில் அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தபடி இருந்தாள். போய் டிவியை அணைக்க வேண்டும் என்று மருமகள் நினைத்தாள். ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை ஹாலில் நாற்காலிகள் போட்டாயிற்று. அத்தையை நடுவில் கிடத்தியிருந்தார்கள். மருமகள் விடியற்காலையிலேயே பிரிண்ட் போடுபவரை எழுப்பி, படத்தைப் பெரிதாகச் சட்டமிட்டு எடுத்து வந்திருந்தாள். சுவரில் சாய்த்து வைத்ததும் முதலில் வந்து பார்த்தவர் சின்ன மாமா.

சின்ன மாமா, அத்தையின் கொழுந்தன். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட சிவப்புப் பேனாவைத் தேடுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, படத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"மங்கலா இருக்கேம்மா."

"ஆமாம் சின்ன மாமா."

"ஊருக்கெல்லாம் கண்ணத் தெளியவச்சவங்க. அவங்க படம் இப்படியா இருக்கறது? வர்றவங்க என்ன நினைப்பாங்க? அடையாள அட்டையில ஒண்ணு இருக்குல்ல, அதப் பெருசு பண்ணு. அதுல ஒரு மயிரிழைகூடத் தப்பாது."

"இப்படித்தான் வேணும்னு அத்தை கேட்டாங்க."

"கேட்டாங்க சரி. பாத்தாங்களா? பாத்து சரின்னாங்களா?"

 மருமகள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பாக்கல. பாக்கறதுக்குள்ள போயிட்டாங்க. நான்தான் தேர்ந்தெடுத்தேன். எனக்கு இது போதும்னு தோணுது சின்ன மாமா. அந்த அட்டைப் படத்த நான் மாட்ட விடமாட்டேன்."

இந்த வீட்டில் அவள் இப்படி யாரிடமும் பேசியதில்லை. சின்ன மாமா அண்ணன் மகனைப் பார்த்தார். மகன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆணி எங்க வச்சிருக்க?" என்று மனைவியிடம் கேட்டான்.

மாட்டி முடித்தபோது மில்லிமீட்டர் வந்தார். அத்தையின் காலடியில் நின்று கும்பிட்டுவிட்டு, மருமகளிடம் வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கொடுத்தார்.

"நேத்து பாதியில இருக்கும்போதுதான் போன் வந்துச்சு. முடிச்சுட்டேன். அம்மா எழுதின நம்பர பாதியில விட மனசு வரல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கிட்டப் பாக்க மட்டும் போட்டுக்கோ தங்கச்சி. தூரத்துக்குப் போட்டா எல்லாம் கரைஞ்சு தெரியும்."

அவள் போட்டுக்கொண்டாள். கூடம் முழுக்கக் கரைந்துதான் தெரிந்தது. நாற்காலிகள், மனிதர்கள், வாசலில் விட்டிருந்த செருப்புகள் எல்லாம் ஓரம் கலைந்து கிடந்தன.

ஒன்பது மணிக்கு மேல் கடை வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு தையல்காரர் வந்தார். அத்தையை வணங்கிவிட்டு நிமிர்ந்து படத்தைப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அடுத்து வந்த டீச்சரும் அதையே செய்தார். அவருக்குப் பின்னால் வந்த தபால்காரர் இரண்டு முறை துடைத்தார். படம் மங்கலாக இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? அந்தம்மா கொடுத்த கண்ணாடியில் அழுக்கு சேர்த்துவிட்டோம் என்றே நினைத்தார்கள்.

"உங்க கண்ணாடியில ஒண்ணும் இல்லீங்க, படமே அப்படித்தான்" என்று மருமகள் நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ஏனென்றால் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகு அவர்கள் படத்துக்கு இன்னும் ஓர் அடி கிட்டே போனார்கள். கிட்டே போனதும் கண் கிடைத்துவிடும். கண் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

"அந்தம்மாவேதான்" என்றார் தையல்காரர், பக்கத்தில் நின்றவரிடம். "இப்ப வாயத் திறந்தாங்கன்னா நான் சட்டையில துடைச்சதுக்குத் திட்டு விழும். கீறல் விழும்னு எத்தன தடவ சொல்லியிருப்பாங்க."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மில்லிமீட்டர் கடைக்குப் போய்விட்டு வந்தார். புதுக் கண்ணாடியோடு கொடுக்கிற மஞ்சள் துணிக் கட்டு ஒன்றைப் படத்துக்குக் கீழே ஸ்டூலில் வைத்தார். அதன்பிறகு வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்தார்கள், துடைத்தார்கள், பார்த்தார்கள். சிலர் கண்ணாடியைத் துடைத்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். சிலர் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம் பார்த்து மருமகள் படத்தின் அருகில் போய் நின்றாள். புதுக் கண்ணாடியில் அத்தையின் இமை முடிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஸ்டூலில் தடவினாள். துணி தீர்ந்துபோயிருந்தது.

பக்கத்தில் யாரோ செருமினார்கள். சின்ன மாமா தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, படத்தையே பார்த்தபடி அவளிடம் நீட்டினார். அது ஏற்கெனவே ஈரமாக இருந்தது.